சிவப்புக் கோடு போட்ட நட்டு

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பெரிய ரோட்டை விட்டு இறங்கிச் சோளக்காட்டு வழியாக உள்ளே போனால் நீளமாக ஒரு தகரக் கூரை தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பஞ்சு குடோன் என்று நினைப்பார்கள். உள்ளே போனால் ஒரு மூலையில் கப்பல் நிற்கும். இன்னொரு மூலையில் தலை மாட்டாத டிராகன் கிடக்கும். பொருட்காட்சியிலும் பார்க்கிலும் நாம் வரிசையில் நின்று ஏறி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டு இறங்குகிறோமே, அந்த ராட்டினங்களைச் செய்கிற இடம் அது.

அங்கே தரம் பார்க்கும் பொறுப்பு நாச்சிமுத்துவுக்கு. ஐம்பத்துநாலு வயது. அவர் கையெழுத்து இல்லாமல் எந்த ராட்டினமும் லாரி ஏறாது. இதில் மனுஷன் ஏறலாம், ஒன்றும் ஆகாது என்பதுதான் அந்தக் கையெழுத்துக்கு அர்த்தம்.

நல்ல மனுஷன்தான். ஆனால் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதியில் எழுந்து போய் எங்கேயோ ஒரு நட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கும் முன்னே மேடையின் காலை ஆட்டிப் பார்ப்பார். இந்த மனுசனோட ஒரு விசேசத்துக்குப் போக முடியறதில்லை என்று அவர் சம்சாரம் ருக்குமணி தலையில் அடித்துக்கொள்வாள்.

முன்பு அவர் இப்படி இல்லை. வடக்கே எங்கேயோ ஒரு பொருட்காட்சியில், வேறு யாரோ செய்த ராட்டினத்தில் இருக்கை பிய்த்துக்கொண்டு போன வீடியோ ஒன்றை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றைக்குப் பிடித்த பயம். வீடியோவின் கடைசியில் தரையில் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது. மற்றவர்கள் அடடா என்றுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டார்கள். நாச்சிமுத்துவால் அப்படிப் போக முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பெரிய பார்க் ஒன்று கப்பல் ராட்டினம் வேண்டும் என்று கேட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் போட்டது. தரத்துக்கும் பாதுகாப்புக்கும் என்று உள்ள முறைகளைத் தொழிற்சாலை முழுக்கக் கொண்டுவந்தால்தான் கப்பலை வாங்குவார்களாம். முதலாளி கனகசபாபதி நாலு பேரிடம் விசாரித்து, தூத்துக்குடிக்காரரான பிலோமினாவைக் கூட்டிவந்தார்.

பிலோமினாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோவையில் தனியாக ஒரு வீடு எடுத்துத் தங்கி, இரண்டு மூன்று தொழிற்சாலைகளுக்கு இந்த முறைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கேன்டீனில் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தியதால் அவருக்கு டீச்சர் என்றே பேராகிவிட்டது.

முதல் வகுப்பில் ஒருவன் எழுந்து, பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டான். எழுதிக்கொள்ள நாலு வரி கிடைக்கும் என்பது அவன் எண்ணம். டீச்சர் பேசாமல் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். அதில் தன் பூட்டைப் போட்டார். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அன்றைக்குப் பொழுது முழுக்க வேலை நடக்கவில்லை. கனகசபாபதி காட்டுக் கத்தல் கத்தினார். மறுநாள் டீச்சர் வந்தார். நேற்று யாருக்காவது அடி பட்டதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

அதில் விழுந்தவர்தான் நாச்சிமுத்து. தன்னைவிடச் சின்ன வயசுக்காரியிடம் பாடம் கேட்பதா என்ற வீம்பெல்லாம் அன்றோடு போனது. அதற்குப் பிறகு டீச்சர் சொன்னால் அவருக்கு அது வேதம்.

டீச்சர் கொண்டுவந்த முறைகளில் நட்டுக்குக் கோடு போடுவதும் ஒன்று. நட்டை இறுக்கியவன் அந்த நட்டையும் அது மாட்டியிருக்கும் போல்ட்டையும் சேர்த்து வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு இழுக்க வேண்டும். பிற்பாடு நட்டு தளர்ந்தால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். வெள்ளை போட்ட பிறகு நாச்சிமுத்து ஒரு தடவை பார்த்துச் சிவப்புக் கோடு போட வேண்டும். இதுதான் முறை.

நாச்சிமுத்துவுக்குப் பொறுக்க வேண்டுமே. ஆட்கள் வந்து இறுக்கி, வெள்ளை போட்டு, அப்புறம் தன் முறை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவரால் ஆகாது. விடிந்ததும் வந்துவிடுவார். ஆள் வருவதற்குள் ஏணியைப் போட்டு ஏறி, தானே ஸ்பானரைப் பிடித்து ஒவ்வொன்றாக முறுக்கிச் சிவப்பை இழுத்துவிட்டு இறங்குவார். ஆட்கள் வரும்போது சிவப்பு காய்ந்திருக்கும். அதன் பக்கத்தில் அவர்கள் வெள்ளையைப் போடுவார்கள்.

தன் கை படாத நட்டு ஒன்றுகூட வெளியே போவதில்லை என்று அவருக்கு அதில் பெருமைதான். ஆனால் பெருமை பகலுக்குத்தான் உதவியது. இருட்டினால் படபடப்பு வந்துவிடும்.

ஒரு நாள் சாயங்காலம் கப்பலுக்கு அடியில் நின்றுகொண்டிருந்த டீச்சரிடம் போனார்.

"டீச்சர், நீங்க சொன்னது ஒண்ணு விடாம செஞ்சாச்சுங்க. எல்லாத்தையும் நானே பாக்கறனுங்க. அப்பவும் நெஞ்சு அடங்க மாட்டேங்குதுங்க. இன்னும் என்னங்க பாக்கி?"

டீச்சர் அண்ணாந்து பார்த்தார். கப்பலைத் தூக்கிப் பிடிக்கும் இரும்புக் கைகள் மேலே அச்சோடு சேரும் இடத்தில் வரிசையாக நட்டுகள். எல்லாவற்றிலும் சிவப்பும் வெள்ளையும் பக்கம் பக்கமாக இருந்தன.

"நாளைக்குக் காலையில அந்த வரிசையில ஒரு நட்டைத் தளத்தி வைங்க, அண்ணாச்சி. பழைய கோட்டைத் தொடச்சிட்டு, அதுமேல உங்க சிவப்பைப் போட்டிருங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

நாச்சிமுத்து ஓரடி பின்னால் போனார். தளர்ந்த நட்டுக்கா, என் கோட்டையா, எதற்கு என்று கேட்டார்.

"யாராவது கண்டுபிடிக்காங்களான்னு பாப்போம்."

"கண்டுபிடிக்கலைன்னாங்க?"

"கப்பல் ஓடுறதுக்கு முன்னால நீங்களே இறுக்கிருங்க."

மறுநாள் சாயங்காலம்தான் சோதனை ஓட்டம். ஆட்களுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை இருக்கைகளில் ஏற்றிக் கப்பலை ஆட்டிப் பார்ப்பார்கள். அன்றைக்கு விடிந்ததும் நாச்சிமுத்து ஏணியில் ஏறினார். அதுவரை ஆயிரக்கணக்கில் நட்டு இறுக்கிய கை, ஒன்றைத் தளர்த்த மாட்டேன் என்றது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே தளர்த்தினார். விரலால் தொட்டால் சுற்றும் அளவுக்குத் தளர்த்திவிட்டுப் பழைய கோடுகளைத் துணியால் துடைத்தார். சிவப்பை இழுத்தபோது கோடு கொஞ்சம் கோணலாகப் போனது.

ஆட்கள் வந்தார்கள். நட்டு இறுக்கும் ஆட்களுக்குத் தலைவன் பூபதி. முப்பது வயது இருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்பானர் பிடிக்கவே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது நாச்சிமுத்துதான். அவனுக்குப் பெண் கேட்கப் போனபோது முன்னால் நின்று பேசியதும் அவர்தான். அண்ணா என்றால் பூபதிக்கு உயிர்.

சோதனை ஓட்டத்துக்கு முன்னால் மேல் வரிசை முழுவதையும் இன்னொரு தடவை பார்த்துவிடச் சொல்லியிருந்தார்கள். பூபதி மேலே ஏறினான். நாச்சிமுத்து கீழே கண்ணாடியைத் தொலைத்தவர் மாதிரி இங்கும் அங்கும் நடந்தார். கண்ணாடி அவர் மூக்கில்தான் இருந்தது.

பூபதியின் ஸ்பானர் இடுப்பில் தொங்கியது. பெயின்ட் கையில் இருந்தது. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவன், அந்த நட்டின் முன்னால் நின்றான். நாச்சிமுத்து கீழே நடப்பதை நிறுத்தினார். கண்டுபிடிடா சாமி, கண்டுபிடி என்று மனசுக்குள் கெஞ்சினார். பூபதி குனிந்து பார்த்தான். இதில் வெள்ளை விட்டுப்போயிருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தான். சட்டை நுனியால் பிசுக்கைப் பக்குவமாகத் துடைத்து, சிவப்புக்குப் பக்கத்தில் அழகாக ஒரு வெள்ளைக் கோடு இழுத்தான். அண்ணன் கோடு கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று தன் கோட்டையும் அதற்குத் தகுந்த மாதிரி சாய்த்துப் போட்டான்.

இறங்கி வந்தவனிடம், நல்லாப் பாத்தயா என்று நாச்சிமுத்து கேட்டார். பாத்துட்டனுங்ணா, எல்லாம் சரியா இருக்குதுங்க என்றான். மறுபடி கேட்டார். மறுபடியும் அதையே சொன்னான். ஒருக்கா ஸ்பானர் வைத்துப் பார்க்கிறாயா என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

டீச்சரிடம் ஓடினார். இறுக்கிவிடட்டுமா என்றார். டீச்சர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கப்பல் இன்னும் ஓடவில்லையே என்றார். மத்தியானம் மறுபடி போனார். அதே பதில்தான். அன்றைக்கு அவர் சோற்றில் கை வைக்கவில்லை. கக்கூசுக்குப் போனவர் பாதியில் திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தார். யாராவது ஏணிப் பக்கம் போனால் பின்னாலேயே போனார். அண்ணனுக்கு உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று பட்டறையில் பேசிக்கொண்டார்கள்.

மணல் மூட்டைகள் ஏறின. சுற்றிக் கயிறு கட்டி எல்லோரையும் விலகி நிற்கச் சொன்னார்கள். மோட்டாரைப் போடுகிறவன் கையைச் சுவிட்சுக்குக் கொண்டுபோனான்.

"நிறுத்து."

அப்படி ஒரு சத்தம் நாச்சிமுத்துவின் தொண்டையிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. பூபதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். அந்த நட்டை இரண்டு விரலால் திருகினார். அது சுற்றியது.

பூபதியின் முகம் கறுத்துவிட்டது. நட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உங்க செவப்பு இருந்துச்சுங்களே."

"இருந்தா? ஸ்பானர் வெச்சுப் பாக்க வேண்டாமா?"

"உங்க செவப்பு மேல நான் ஸ்பானர் வெச்சா, உங்களச் சந்தேகப்பட்ட மாதிரி ஆயிருமுங்களே."

நாச்சிமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. கீழே இறங்கி எல்லோரையும் நிற்கவைத்து வாய்க்கு வந்தபடி திட்டினார். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டார். கடைசியில் ஒருவன் மெதுவாகச் சொன்னான். அண்ணன் காலையில் வந்து சிவப்பு போட ஆரம்பித்த நாளிலிருந்தே அப்படித்தானாம். அண்ணன் கை பட்டதற்கு மேல் யாராவது கை வைப்பார்களா, அது மரியாதையா என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி அவரையே திருப்பிக் கேட்டார்கள்.

அப்புறம் அவர் உண்மையைச் சொல்ல வேண்டிவந்தது. அந்த நட்டைத் தளர்த்தி வைத்தது நான்தான் என்றார். அதைச் சொன்னதும் திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை. பூபதி ஸ்பானரைத் துடைத்து வைத்துவிட்டு வெளியே போனான். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவர் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

நாச்சிமுத்து டீச்சரிடம் போய்க் கொட்டினார். இவர்களை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, எல்லோரையும் மாற்றிவிட வேண்டியதுதான் என்றார்.

"அந்த நட்டுல முதல்ல கோடு போட்டது யாரு, அண்ணாச்சி?"

நான்தான் என்றார் நாச்சிமுத்து. அப்படியானால், தான் பார்த்துப் பார்த்தே அவர்களைப் பார்க்க விடாமல் செய்துவிட்டேனா என்று கேட்டார். இத்தனை நாள் வெளியே அனுப்பிய ராட்டினங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. எதிலுமே ஒரே ஒரு ஆளின் கைதான் பட்டிருக்கிறது. தன் கை.

டீச்சர் மேஜை டிராயரைத் திறந்து ஒரு பெயின்ட் டியூபை எடுத்து நீட்டினார். நீலம்.

"உங்க சிவப்புக்குப் பின்னால பாக்குறதுக்கு ஒரு ஆளைப் பிடிங்க. இதை நீங்களே அவரு கையில குடுங்க."

"எனக்குப் பின்னாலயா? இங்க எனக்கு மேல ஆளே இல்லைங்களே."

"மேல இருக்க ஆளைக் கேக்கலை."

நீல டியூபைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாச்சிமுத்து அன்று முழுக்கச் சுற்றினார். யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. ஐம்பத்துநாலு வயதில், தான் பார்த்ததை இன்னொருவன் சரிபார்ப்பதா? அதுவும் தானே கூப்பிட்டு, நீ என்னைப் பார் என்று சொல்வதா? மானக்கேடாக இருந்தது. கடைசியில் பூபதியிடம்தான் போனார்.

பூபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்க மாட்டேன் என்றான். வேறு என்ன வேலை வேண்டுமானாலும் சொல்லுங்கள், இது மட்டும் என்னால் ஆகாது என்றான். சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னச் சந்தேகப்படு, பூபதி. நானே சொல்றேன்."

"எப்படீங்ணா முடியும்? எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்ததே நீங்க."

"இதுல ஏறுற கொழந்தைக்கு நான் யாருன்னே தெரியாது. அதுக்கு எம்மேல மரியாதை இல்ல. நட்டு இறுக்கமா இருந்தாப் போதும் அதுக்கு."

பூபதி பின்னால் கட்டியிருந்த கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் கையை நீட்டினான்.

முதலில் கொஞ்ச நாள் இரண்டு பேருக்குமே நரகம். நாச்சிமுத்து டீ குடிக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் பூபதி ஏணியில் ஏறுவான். அவரைக் கண்டால் ஸ்பானரை இடுப்புக்குப் பின்னால் மறைப்பான். நீலக் கோட்டை முடிந்த அளவு சின்னதாகப் போடுவான். நாச்சிமுத்து பார்க்காத மாதிரி இருப்பார். ஆனால் காது அங்கேதான் இருக்கும். வேண்டிய இறுக்கம் வந்ததும் அந்த ஸ்பானர் டக் என்று ஒரு சத்தம் கொடுக்கும். தன் சிவப்பின் மேல் அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவருக்குச் சுருக்கென்றது. ஒவ்வொன்றும் டக் என்றது. எதுவும் தளர்ந்திருக்கவில்லை. பார்த்தாயா, நான் பார்த்தால் அப்படித்தான் என்று உள்ளுக்குள் ஒரு திமிரும் வந்தது. கூடவே, இத்தனை சரியாக இருப்பதைப் போய் இவன் எதற்குத் தொட வேண்டும் என்று எரிச்சலும் வந்தது.

அதிகாலையில் வருவதை மட்டும் அவரால் விட முடியவில்லை.

பெயின்ட் அடிக்கக் கழற்றி அனுப்பியிருந்த கப்பலின் இன்னொரு பக்கத்துக் கைகள் திரும்பி வந்தன. மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்காகப் பாதி ஆட்கள் லீவில் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை பார்க்கிலிருந்து வந்து கப்பலை எடுத்துப் போவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் நாச்சிமுத்து கையெழுத்துப் போட்டாக வேண்டும். செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவரே மேலே ஏறினார். அந்தப் பக்கத்து நட்டுகள் அத்தனையையும் தன் கையாலேயே இறுக்கினார். பின்னால் பூபதி வருவான் என்ற நினைப்பு இருந்ததால் வழக்கத்தைவிட அதிகக் கவனமாகச் செய்தார். ஒவ்வொன்றுக்கும் நேராகச் சிவப்பு இழுத்தார். இறங்கி வந்து, வரிசையை ஒரு தடவை கீழே இருந்து பார்த்துக்கொண்டார்.

டீச்சரை அந்த வாரம் பட்டறையில் காணவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றத் தொழிற்சாலைகளுக்குப் போயிருப்பார். சில சமயம் பின்பக்கக் கேட் வழியாக வந்து, யாரிடமும் பேசாமல் பார்த்துவிட்டுப் போவதும் உண்டு.

வியாழக்கிழமை மத்தியானம் நாச்சிமுத்து கேன்டீனில் உட்கார்ந்திருந்தார். பூபதி வந்து எதிரே நின்றான். உடம்பெல்லாம் வியர்வை.

என்னடா என்று கேட்டார்.

"கொஞ்சம் மேல வாங்ணா."

இரண்டு பேரும் ஏறினார்கள். பூபதி அவர் கையைப் பிடித்து ஒரு நட்டின் மேல் வைத்தான். நாச்சிமுத்து திருகினார். சுற்றியது. அவர் சிவப்புக் கோடு நடுவில் பிரிந்து, பாதி நட்டோடு நகர்ந்து போனது. அதில் நீலம் இல்லை.

நாச்சிமுத்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். இந்தப் பக்கத்தை இறுக்கியது வேறு யாரும் இல்லை. பழி போட ஓர் ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை இதே இடத்தில் நின்றது, இதே ஸ்பானரைப் பிடித்தது, இதே கோட்டைப் போட்டது எல்லாம் அவர்தான்.

அப்புறம் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். பூபதி பயந்துவிட்டான்.

டீச்சர்தான். வேறு யார்? போன தடவை என்னை விட்டு அவர்களுக்குப் பரீட்சை வைத்தார். இந்தத் தடவை எனக்கு வைத்திருக்கிறார். பின்பக்கக் கேட் வழியாக வந்து தளர்த்தி, கோட்டை அப்படியே திரும்பப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் ஆளே கண்ணில் படவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. நாச்சிமுத்துவுக்கு மார்பில் இருந்த பாறாங்கல் இறங்கிவிட்டது.

பூபதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கீழே இறங்கி எல்லோரையும் கூப்பிட்டு, டீச்சர் வைத்த பரீட்சையில் நம்ம பூபதி பாஸ் ஆகிவிட்டான் என்றார். நான் போட்ட கோட்டையே நம்பாமல் ஸ்பானர் வைத்தான் பாருங்கள், இவனல்லவோ ஆள் என்றார். பூபதிக்கு வெட்கம் தாங்கவில்லை. பூபதி அந்த நட்டை இறுக்கி, எல்லோரும் பார்க்க நீளமாக ஒரு நீலக் கோடு போட்டான். அண்ணன் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிவரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பட்டறையில் ரொம்ப நாள் பேசிக்கொண்டார்கள். நாச்சிமுத்து போய்ச் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். சோறு, குழம்பு, ரசம், மோர் என்று வரிசையாகச் சாப்பிட்டு முடித்தார். ஒரு தடவைகூட நடுவில் எழவில்லை. கையைக் கழுவிவிட்டு நேராக ஆபீசுக்குப் போய், கப்பலுக்கான தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார். நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். படபடப்பு இல்லை. வருஷக்கணக்கில் இல்லாத ஓர் அமைதி. இதை முதலில் டீச்சரிடம் சொல்லிவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை மூடி வைத்தார்.

சாயங்காலம் கேட்டில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. டீச்சர் இறங்கினார். நாச்சிமுத்து ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"மாட்டிக்கிட்டீங்க, டீச்சர். பூபதி கண்டுபுடிச்சுட்டான்."

டீச்சருக்குப் புரியவில்லை. எதை என்று கேட்டார்.

நாச்சிமுத்து சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் தானே ஏறி இறுக்கியது, சிவப்பு போட்டது, இன்றைக்குப் பூபதி ஸ்பானர் வைத்தபோது அது சுற்றியது, தனக்கு ஒரு நிமிஷம் உயிர் போய் வந்தது எல்லாம். இப்போதுதான் மனசு அடங்கியது, கையெழுத்துப் போடப் போகிறேன் என்றார். டீச்சர் சிரிக்கவில்லை.

"அதுசரிங்க டீச்சர், நான் கண்ணுல எண்ணெய் ஊத்திட்டுப் பாத்துட்டு இருந்தனுங்களே. நீங்க எப்பங்க வந்து அவுத்தீங்க?"

டீச்சரின் ஒரு கையில் துணிப்பை இருந்தது. இன்னொரு கையில் ஊரிலிருந்து வாங்கிவந்த மக்ரூன் பொட்டலம்.

"அம்மைக்கு முடியலைன்னு ஞாயித்துக்கிழமை தூத்துக்குடிக்குப் போனவ, அண்ணாச்சி. இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வாரேன்."